மூன்றேகால் நூல்

"மில்லிமீட்டர் எல்லாம் வேணாம் சார், நூல்ல சொல்லுங்க" என்றார் ஆசாரி. கிருஷ்ணகிரிக்காரர், பெங்களூருக்குப் பிழைக்க வந்து பல வருடங்களாகின்றன. அலமாரிக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் விடச் சொல்லியிருந்தேன். "ரெண்டு நூலுக்குக் கொஞ்சம் கம்மியா" என்று முனகிக்கொண்டே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். அவர் கையிலிருந்த டேப்பின் ஒரு விளிம்பில் சென்டிமீட்டர், மறு விளிம்பில் இன்ச். இன்ச் பக்கம் கட்டைவிரல் பட்டுப்பட்டு எண்கள் பாதி அழிந்திருந்தன. சென்டிமீட்டர் பக்கம் கடையில் வாங்கிய நாளில் இருந்தது போலவே இருந்தது.

ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். ஒரு நூல் என்பது 3.175 மில்லிமீட்டர். இந்தியா மெட்ரிக் முறைக்கு மாற 1956-ல் சட்டம் இயற்றியது. அதற்கடுத்த பத்தாண்டுகளில் சேரும் வீசையும் கடைகளை விட்டுப் போயின. மரமும் மண்ணும் மட்டும் மாறவில்லை. பெங்களூரில் யாரிடம் வேண்டுமானாலும் மனை விலை கேட்டுப் பாருங்கள், 'தேர்ட்டி ஃபார்ட்டி சைட்டு' என்றுதான் பேச்சு தொடங்கும். முப்பது அடிக்கு நாற்பது அடி, 1,200 சதுர அடி. பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் ஒதுக்கீட்டுத் தாளில் அதே அளவு மனைக்கு 9 மீட்டருக்கு 12 மீட்டர் என்று இருக்கும். பெருக்கினால் 108 சதுர மீட்டர், அதாவது 1,162 சதுர அடி சொச்சம். பேச்சுக்கும் தாளுக்கும் நடுவே கிட்டத்தட்ட 38 சதுர அடி, ஒரு குளியலறை அளவு இடம், காணாமல் போகிறது. யாரும் ஏமாற்றவில்லை. ஓர் அளவுமுறையின் முழு எண்ணை இன்னொன்றின் முழு எண்ணாக ஆக்கியதில் விழுந்த இடைவெளி அது.

இந்த இடைவெளியை நான் முதலில் கவனித்தது மனைப் பத்திரத்தில் அல்ல, துப்பாக்கிச் சாதனைப் பட்டியலில்.

மிக நீண்ட தூரத்தில் இலக்கைத் தாக்கிய துப்பாக்கிச் சூடுகளின் பட்டியலில் 2,286 மீட்டர் என்று ஓர் எண் உண்டு. 1967-ல் வியட்நாமில் அமெரிக்க மரைன் படையின் கார்லோஸ் ஹாத்காக் சுட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் அதுவே உச்சம். 2,286 என்பதைப் பார்த்தால் யாரோ மீட்டர் மீட்டராக எண்ணிச் சொன்னது போலிருக்கிறது. கஜத்துக்கு மாற்றிப் பாருங்கள்: சரியாக 2,500 கஜம். முழு எண். அதாவது அன்று 'ஏறத்தாழ 2,500 கஜம்' என்று மதிப்பிட்டிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு யாரோ அதை 0.9144-ஆல் பெருக்கி, இல்லாத நுட்பத்தை அதற்கு ஏற்றிவிட்டார்கள். 2017-ல் இராக்கில் கனடா சிறப்புப் படையினர் ஒருவர் சுட்டதாகச் சொல்லப்படும் தூரம் 3,540 மீட்டர். கஜப் பட்டியலில் அது 3,871 ஆகிவிடுகிறது. இங்கே பூஜ்யத்தில் முடிகிறது, அங்கே ஒன்றில் முடிகிறது. எது அளந்த எண், எது பெருக்கி வந்த எண் என்று கடைசி இலக்கமே காட்டிக்கொடுக்கிறது.

இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை போர்க்களச் சாவுகள். ஒவ்வொரு எண்ணின் மறுமுனையிலும் ஒரு மனிதர் விழுந்து கிடக்கிறார். அவற்றைச் சாதனை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அறிவியல் நோக்கில் பார்த்தாலும் அவை பலவீனமானவை: நடுவர் கிடையாது, அளவு நாடாவோடு போய்ச் சரிபார்த்தவர் கிடையாது. ஆகவே உயிர் போகாத ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

2022 செப்டம்பரில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு குழு 4.4 மைல் தொலைவில் இருந்த பலகையைச் சுட்டது. 69-ஆவது தோட்டாதான் பட்டது. தோட்டா காற்றில் பறந்த நேரம் 24.5 விநாடி. அந்தத் தூரத்தைக் கடக்க ஒலிக்குச் சுமார் 21 விநாடி போதும். ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பிய தோட்டா, வழியில் காற்றோடு மோதித் தளர்ந்து, கடைசியில் தன் சத்தத்துக்கே பின்தங்கிவிட்டது. பலகையின் அருகே பாதுகாப்பான மறைவில் ஒருவர் நின்றிருந்தால் முதலில் வெடிச்சத்தம் கேட்டிருக்கும், மூன்று விநாடி கழித்துத்தான் உலோகத்தில் தோட்டா படும் ஓசை வந்திருக்கும்.

4.4 மைலை மாற்றினால் 7,081 மீட்டர். ஆனால் '4.4' என்று சொல்பவர் 4.35-க்கும் 4.45-க்கும் நடுவே எங்கோ என்றுதான் நமக்குச் சொல்கிறார். அது இரு பக்கமும் 80 மீட்டர் ஆடக்கூடிய எண். அதிலிருந்து '7,081' என்று எழுதுவது, கண்ணளவில் 'ரெண்டு ஏக்கர் இருக்கும்' என்று ஒருவர் சொன்னதைப் பத்திரத்தில் 87,120 சதுர அடி என்று பதிவு செய்வதற்குச் சமம். கூட்டல் கழித்தல் எல்லாம் சரிதான். பொய் அந்தக் கடைசி இலக்கங்களில் இருக்கிறது.

அப்படியானால் ஒரு தூரத்தை உண்மையாக அளப்பது என்றால் என்ன? அதற்கு விடை இதே பெங்களூரின் மண்ணில் இருக்கிறது.

திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, 1800 அக்டோபரில், வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பெங்களூருக்கு அருகே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். டிசம்பரில்தான் முடித்தார். நீளம் 7.4321 மைல், ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இன்று நெரிசலான நேரத்தில் காரில் ஒரு மணி நேரம் பிடிக்கும் தூரத்துக்கு அவருக்கு இரண்டு மாதம் ஆனது. கையில் இருந்தது நூறடி எஃகுச் சங்கிலி ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டரை அடியாக நாற்பது கண்ணிகள். பிரிட்டனின் மெக்கார்ட்னி தூதுக்குழு சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோன கருவிகளில் அதுவும் ஒன்று என்பார்கள். அங்கே யாரும் மதிக்காமல் போய், கல்கத்தா வழியாக லாம்டனிடம் வந்து சேர்ந்தது.

சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்துக்கொண்டு போகிற வேலை அல்ல அது. முக்காலிகளின் மேல் மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து நிறுத்தி, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, ஒரு முனையில் எடை கட்டி விறைப்பாக்கி, பெட்டிகளில் வைத்த தெர்மாமீட்டர்களைப் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அடுத்த நூறடிக்கு. இப்படிக் கிட்டத்தட்ட 392 முறை.

தெர்மாமீட்டர் எதற்கு? எஃகு வெயிலில் நீளும். நூறடிச் சங்கிலி, வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். எங்கள் ஆசாரிக் கணக்கில் ஒரு நூலுக்குச் சற்று மேல். ஒரு நூல்தானே என்று விட்டுவிட்டால், 392 முறைக்கு அது 1.37 மீட்டராகச் சேர்ந்துவிடும். விடியற்காலையும் உச்சி வெயிலும் பெங்களூரில் சர்வசாதாரணமாகப் பத்து டிகிரி வேறுபடும். அந்த ஒரு நூலைத் துரத்தித்தான் லாம்டன் இரண்டு மாதம் செலவழித்தார்.

அதன் பலன் 1804-ல் தெரிந்தது. நடுவில் 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் இன்னோர் ஏழரை மைல் கோட்டை அளந்து, அங்கிருந்து மலைக்கு மலை முக்கோணங்களாகக் கோணம் பார்த்தபடியே மேற்கே வந்திருந்தார்கள். அந்தக் கோணங்களிலிருந்து பெங்களூரில் இரண்டாவதாக ஒரு கோட்டின் நீளத்தைக் கணக்குப் போட்டார்கள். அதே கோட்டை லாம்டனின் உதவியாளர் ஜான் வாரன் சங்கிலியால் அளந்தார். ஏழு மைல் சொச்சக் கோட்டில் இரண்டுக்கும் இடையே வந்த வித்தியாசம் 3.7 அங்குலம். என் உள்ளங்கையின் அகலம்கூட இல்லை. ஒன்றேகால் லட்சத்தில் ஒரு பங்கு. இந்த 3.7 என்ற எண்ணை எந்தச் சாதனை எண்ணைவிடவும் நான் மதிக்கிறேன். 'இவ்வளவு தூரம்' என்பதோடு 'இவ்வளவு தவறியிருக்கலாம்' என்பதையும் சேர்த்துச் சொல்கிறது அது.

இந்த அளவைப் பணியின் பிற்கால அடிக்கோட்டுக்கு எழுப்பிய மேடைகளில் ஒன்று மேக்ரி சர்க்கிள் பக்கம் இருக்கிறது. நகரின் வடகிழக்கே கண்ணூரில் நின்றிருந்த இன்னொன்று 2024 மழையில் இடிந்து விழுந்தது. செய்தி படித்த அன்று எனக்கு உறவினர் வீட்டுத் துக்கம் போலவே இருந்தது.

லாம்டனின் அடிக்கும் இன்றைய அடிக்கும்கூட வித்தியாசம் உண்டு. 1959-ல் ஆங்கிலம் பேசும் சில நாடுகள் கூடி ஒரு கஜம் என்பது சரியாக 0.9144 மீட்டர் என்று முடிவு செய்தன. அதிலிருந்து அடி 0.3048 மீட்டர், அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதற்கு முன் நாட்டுக்கு நாடு அடி இம்மி இம்மியாக மாறும். நில அளவையில் 'இந்திய அடி' என்றே தனியாக ஒன்று இருந்தது: 1975-ன் வரையறைப்படி 0.3047995 மீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அது இரண்டு சென்டிமீட்டர் ஆகும். ஆக, இன்றைய அடி தன் காலில் நிற்கவில்லை. மீட்டரின் தோளில் உட்கார்ந்திருக்கிறது.

மெட்ரிக்கின் உள்ளேயும் இன்ச் ஒளிந்திருக்கிறது. வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் .303 ரைபிள்கள் செய்தார்கள். குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம், குறிகாட்டியில் தூரம் கஜத்தில். 1962 சீனப் போருக்குப் பிறகு அதே அமைப்பில் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஒரு ரைபிள் செய்தார்கள். குறிகாட்டி மீட்டருக்கு மாறியது. முதல் வடிவத்தில் 2,000 மீட்டர் வரை கோடுகள் இருந்தன. 2ஏ1 என்ற அடுத்த வடிவத்தில், நடைமுறைக்கு ஏற்ப 800 மீட்டரோடு நிறுத்தினார்கள். மெட்ரிக் இந்தியாவின் மெட்ரிக் ரைபிள். ஆனால் 7.62-ஐ 25.4-ஆல் வகுத்துப் பாருங்கள். மிச்சமில்லாமல் 0.3 வரும். பத்தில் மூன்று அங்குலம்!

கஜமும் மீட்டரும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றலாம். ஆயிரம் கஜம் 914.4 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு 85.6 குறைவு. 7.62 மி.மீ. ரகத் தோட்டா அந்தத் தூரத்தில் வேகமெல்லாம் வடிந்து சரிந்து விழுந்துகொண்டிருக்கும். ஆயிரம் கஜத்துக்கு வைத்த குறியோடு ஆயிரம் மீட்டர் பலகையைச் சுட்டால் சுமார் இரண்டு மீட்டர் கீழே போகும், பலகையில் படாமலே மண்ணில் புதையும்.

இதைவிடப் பெரிய குறி ஒன்றும் அலகுக் குழப்பத்தால் தவறியிருக்கிறது. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை நோக்கிப் பறந்தபோது, ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டில் கொடுத்தது, இன்னொன்று அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை என்பது 4.45 நியூட்டன். 1999 செப்டம்பரில் கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயின் காற்றுக்குள் புகுந்து அழிந்தது. 2014 செப்டம்பர் 24 காலை, பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் இஸ்ட்ராக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வழிநடத்திய மங்கள்யான் தன் இயந்திரத்தை இருபது நிமிடத்துக்கு மேல் எரித்துச் செவ்வாயின் சுற்றுப்பாதையில் சரியாக உட்கார்ந்தது. அந்த இயந்திரத்துக்கு அலகோடு சேர்த்தே பெயர்: 440 நியூட்டன் இயந்திரம்.

நீண்ட தூரம் சுடுகிறவர்கள் மெட்ரிக்கா கஜமா என்ற சண்டையை ஓர் அழகான வழியில் தாண்டிவிட்டார்கள். அவர்கள் நீளத்தை விட்டுவிட்டுக் கோணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ரைபிளில் பொருத்திய தொலைநோக்கியின் திருகைத் திருப்பினால் மாறுவது கோணம்தான். அதிலும் இரண்டு கட்சி உண்டு. ஒன்று டிகிரியில் அறுபதில் ஒரு பங்கான கலை. நூறு கஜத்தில் ஒரு கலை 1.047 அங்குலம் வரும். 'நூறு கஜத்துக்கு ஒரு இன்ச்' என்று வாய்ப்பாடாகச் சொல்ல முடிகிற இந்தத் தற்செயல்தான் கஜத்தையும் இன்ச்சையும் துப்பாக்கி உலகில் இத்தனை காலம் வாழவைத்தது. மற்றது மில். தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரம் மீட்டரில் ஒரு மில் ஒரு மீட்டர், நூறு மீட்டரில் பத்து சென்டிமீட்டர். பலர் மில்லை மெட்ரிக் அலகு என்றே நினைக்கிறார்கள். ஆனால் ஆயிரம் கஜத்தில் ஒரு மில் ஒரு கஜம். ஆயிரம் முழத்தில் ஒரு முழம். அது வெறும் விகிதம், எந்த நாட்டு அலகுக்கும் சொந்தமில்லை.

கலைக்கும் விகிதத்துக்கும் பாலம் போடும் எண் 3,438. ஓர் உருவத்தின் உயரத்தை 3,438-ஆல் பெருக்கி, அது கண்ணுக்கு எத்தனை கலை தெரிகிறதோ அதனால் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும். பத்து மீட்டர் பனைமரம் 20 கலை உயரமாகத் தெரிந்தால் அது 1,719 மீட்டர் தள்ளி நிற்கிறது. இந்த 3,438-ஐ முதலில் நான் துப்பாக்கி நூல் எதிலும் பார்க்கவில்லை. 499-ல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்தின் சைன் அட்டவணையில் பார்த்தேன். வட்டத்தின் சுற்றளவை 21,600 கலைகளாகப் பிரித்து, அதே கலையால் ஆரத்தை அளந்தால் 3,438 வருகிறது. வட்டத்தின் கோணத்துக்கும் ஆரத்துக்கும் ஒரே அலகு. கோளின் இருப்பிடம் காண அவர் வைத்த எண் இன்று ரைபிளின் திருகுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எந்த அலகில் அளந்தாலும் காற்று தன் பங்கைக் கேட்கும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர், மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு. ஒரே ரைபிள், ஒரே தோட்டா, ஒரே தூரம் என்றாலும் பெங்களூரில் தோட்டா சற்று வேகமாகப் போய்ச் சேரும், சற்றுக் குறைவாகத் தாழும். சென்னையில் குறித்த திருகு எண்ணை இங்கே அப்படியே வைத்தால் நீண்ட தூரத்தில் மேலே போகும். வயோமிங் மேட்டுநிலத்தில் அந்த 4.4 மைல் சாத்தியமானதில் மெல்லிய மலைக்காற்றுக்கும் பங்குண்டு.

இந்திய மண்ணுக்கும் கஜக் கணக்குப் போட்டிகளுக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. கோலாப்பூர் அரசர் ராஜாராம் 1870-ல் ஐரோப்பா போனார். திரும்பும் வழியில் நவம்பரில், இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில், இருபது வயதில் இறந்தார். கோலாப்பூர் அரசர் பெயரால் இங்கிலாந்தின் தேசிய ரைபிள் சங்கத்துக்குக் கிடைத்த கோப்பைக்காக 1871 முதல் போட்டி நடக்கிறது. இன்றும் பிஸ்லி மைதானத்தில் 300, 500, 600 கஜத்தில் அந்தக் கோப்பைக்குச் சுடுகிறார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஆயிரம் கஜத்துக்கே ஒரு போட்டி நடந்தது. அதற்குப் பிறகு ஒலிம்பிக் அந்தத் தூரத்துக்குப் போகவில்லை. ரைபிள் போட்டிகள் மெல்ல மெல்லச் சுருங்கி இன்று 10 மீட்டரிலும் 50 மீட்டரிலும் வந்து நிற்கின்றன.

2024 ஆகஸ்ட் 1, பாரிஸ். 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார் ஸ்வப்னில் குசாலே. அவர் ஊர் கம்பல்வாடி, கோலாப்பூர் மாவட்டம். கஜத்துக்குக் கோப்பை கொடுத்த அதே கோலாப்பூர். போட்டி மீட்டரில், தோட்டாவோ .22, அதாவது நூறில் 22 அங்குலம். பத்துப் புள்ளிக்கான வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்.

இதை ஆசாரியிடம் சொன்னேன். நூலில் கேட்பார் என்று தெரியும், மனதுக்குள் வகுத்து வைத்திருந்தேன்.

"மூணேகால் நூல்."

"எவ்வளவு தூரத்துல இருந்து?"

"நூத்தி அறுபத்து நாலு அடி."

அவர் ஒரு பிளைவுட் துண்டை எடுத்து, கவராயத்தைத் திறந்து, மூன்றேகால் நூல் விட்டத்துக்கு ஒரு வட்டம் போட்டார். அதை வாசல் கேட்டில் சாய்த்து வைத்துவிட்டுத் தெருவில் நடந்தோம். முப்பதடி முகப்பு மனைகளாக ஐந்தைத் தாண்டி, ஆறாவதன் பாதியில் நின்று திரும்பினோம். பிளைவுட் தெரிந்தது. வட்டம் தெரியவில்லை. தெரியாது. அந்த வளையம் அந்தத் தூரத்தில் முக்கால் கலைகூட இல்லை. நல்ல கண்ணுக்குப் பிரித்தறிய ஒரு கலையாவது வேண்டும். சுடுகிறவர் கண்ணில் படுவது அதைச் சுற்றியிருக்கும் கைப்பிடியளவு கறுப்பு வட்டம் மட்டும். அதன் நடுவே, தான் பார்க்கவே முடியாத ஒன்றில் அவர் தோட்டாவைப் போடுகிறார்.

ஆசாரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நாலு அடி முன்னே போனார். இன்னும் நாலு அடி போனார். "இப்பவும் தெரியல சார்" என்றார்.